இ.எம்.ஐ முடியும் முன்பே முடிந்துபோன பிராண்ட்: டட்சன் கதை நமக்குச் சொல்வது என்ன?

2021-ல் ஐந்து வருட லோன் போட்டு ஒரு டட்சன் ரெடி-கோ வாங்கிய குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் முதல் கார். எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, கோயில் வாசலில் நிறுத்தி எடுத்த போட்டோ இன்னும் போனில் இருக்கும். கடைசி இ.எம்.ஐ 2026-ல். ஆனால், 2022 ஏப்ரலிலேயே டட்சன் என்ற பிராண்டை இந்தியாவில் நிறுத்துவதாக நிசான் அறிவித்துவிட்டது.

அதற்குப் பிறகு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரே கேள்விதான். "கம்பெனியையே மூடிட்டாங்களாமே, இனி பார்ட்ஸ் கிடைக்குமா?"

இத்தனைக்கும் அந்தக் கார் எங்கோ கடல் தாண்டி வந்தது இல்லை. சென்னைக்குப் பக்கத்தில், ஒரகடத்தில் இருக்கும் ரெனால்ட்-நிசான் ஆலையில் தயாரானது. உலகம் முழுக்க ஒரு காலத்தில் கொண்டாடப்பட்ட ஜப்பானிய பெயர், நம்ம ஊரில் எட்டே வருடத்தில் காணாமல் போனது எப்படி? அதில் ஏமாந்தது யார்?

மகன் என்றால் நஷ்டமா?

டட்சனின் கதை 100 வருடங்களுக்கு முன்பே தொடங்குகிறது. மசுஜிரோ ஹாஷிமோட்டோ என்ற இன்ஜினீயர் 1911-ல் டோக்கியோவில் ஒரு கார் பட்டறையைத் தொடங்கினார். அங்கே 1914-ல் உருவான காருக்கு 'டாட்' என்று பெயர். பணம் போட்ட மூன்று பேரான டென், அவோயாமா, டகேயுச்சி ஆகியோரின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர்.

1931-ல் அதைவிடச் சின்ன கார் ஒன்று வந்தது. 500 சிசிக்குள் இருந்த வண்டிகளை ஓட்ட அப்போது ஜப்பானில் லைசென்ஸ் தேவையில்லை. அந்தச் சந்தையைக் குறிவைத்த கார் அது. 'டாட்'டின் மகன் என்ற அர்த்தத்தில் 'டாட்சன்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு சிக்கல். ஜப்பானிய மொழியில் 'சன்' என்ற ஒலிக்கு நஷ்டம் என்ற பொருளும் உண்டு. வியாபாரம் செய்யும் காருக்கு நஷ்டம் என்று பெயரா? ஆங்கில ஸ்பெல்லிங்கில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினார்கள். மகன் போய் சூரியன் வந்தது. ஜப்பான் கொடியில் இருக்கும் அதே சூரியன்.

பிறகு யோஷிசுகே அயுகாவா என்ற தொழிலதிபரின் கைக்கு வந்த இந்த கம்பெனி, 1934-ல் நிசான் மோட்டார் ஆனது. நிசான் என்பது கம்பெனியின் பெயர், டட்சன் என்பது காரின் பெயர்.

அமெரிக்காவில் ஜெயித்தது எப்படி?

1958-ல் அமெரிக்காவில் கால் வைத்தபோது டட்சன் ஒன்றும் பெரிய ஹீரோ இல்லை. இன்ஜின் திறன் 40 குதிரைத்திறனைக்கூடத் தொடவில்லை. அந்த ஊர் நெடுஞ்சாலையில் திணறியது. குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது.

1960-ல் அங்கே அனுப்பப்பட்ட யுடாகா கடயாமா என்ற அதிகாரி, ஓனர்கள் சொன்ன குறைகளை டோக்கியோவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். இன்ஜினைப் பெரிதாக்குங்கள், இந்த ஊர் சாலைக்கு ஏற்ற மாதிரி கொடுங்கள் என்று நச்சரித்தார். தலைமையகத்துக்கும் அவருக்கும் மோதல்கூட வந்தது. ஆனாலும் விடவில்லை.

பலன், 1960-களின் கடைசியில் கிடைத்தது. டட்சன் 510 என்ற காரின் விலை சுமார் 2,000 டாலர். அந்தக் காசுக்கு முன்பக்க டிஸ்க் பிரேக், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என்று, விலை உயர்ந்த ஐரோப்பிய கார்களில் இருந்த விஷயங்கள் அதில் இருந்தன. அடுத்து வந்த 240இசட் ஸ்போர்ட்ஸ் கார், சுமார் 3,500 டாலருக்கு இளைஞர்களின் கனவாகவே மாறியது. 1973-ல் பெட்ரோல் நெருக்கடி வந்தபோது, குறைவாகக் குடிக்கும் சின்ன ஜப்பானிய கார்களுக்கு மவுசு கூடியது. டட்சனும் அந்த அலையில் ஏறியது.

டட்சன் அங்கே ஜெயித்தது 'சீப்' என்பதால் மட்டும் இல்லை. கொடுத்த காசுக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. அதனால்தான் ஜெயித்தது. அமெரிக்காவின் டட்சனும் இந்தியாவின் டட்சனும் பிரியும் இடம் இதுதான்.

தானே வளர்த்த பெயரைத் தானே தூக்கிய நிசான்

1981-ல் நிசான் ஒரு விசித்திர முடிவெடுத்தது. உலகம் முழுக்க ஒரே பெயர் வேண்டும் என்று, அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு தெரிந்த டட்சன் என்ற பெயரைப் படிப்படியாக நீக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட டீலர் பலகைகளை மாற்றி, கோடிக்கணக்கில் விளம்பரம் செய்து, 1980-களின் நடுவில் டட்சனை வழியனுப்பியது. பிராண்ட் மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இன்றும் இதை உதாரணமாகச் சொல்கிறார்கள்.

நம் பக்கத்தில் இலங்கையில் பழைய டட்சன் சன்னி பலருக்கும் பரிச்சயமான வண்டி. ஆனால் இந்தியாவில்? அம்பாசடர், ஃபியட் மட்டும் ஓடிய காலம் அது. வெளிநாட்டு கார்களுக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருந்தது. டட்சன் உச்சத்தில் இருந்தபோது இந்தியாவில் அதை ஓட்டிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இதையும் நினைவில் வையுங்கள்.

ரீ-என்ட்ரி: 'முதல் கார்' கனவு

2012 மார்ச்சில், நிசானின் அன்றைய தலைவர் கார்லோஸ் கோஸ்ன், டட்சன் திரும்ப வருவதாக ஜகார்த்தாவில் அறிவித்தார். இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா, பிறகு தென்னாப்பிரிக்கா. வளரும் நாடுகளில் முதல்முறை கார் வாங்குபவர்கள்தான் இலக்கு. 2014 மார்ச்சில் டட்சன் கோ, டெல்லி எக்ஸ்-ஷோரூம் விலை ரூ.3.12 லட்சத்தில் இருந்து விற்பனைக்கு வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த விலைக்கு நிறைய விஷயம் இருந்தது. மைக்ரா காரில் இருந்த அதே 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். விசாலமான உள்பகுதி. லிட்டருக்கு 20 கி.மீ.க்கு மேல் மைலேஜ் என்ற அதிகாரப்பூர்வ கணக்கு.

ஆனால் இல்லாதவற்றின் பட்டியலையும் பாருங்கள். மியூசிக் சிஸ்டம் இல்லை, போனைச் சொருகி வைக்க ஒரு ஸ்டாண்ட். டேஷ்போர்டு பெட்டிக்கு மூடி இல்லை. இதெல்லாம்கூட போகட்டும். டாப் வேரியன்ட்டில்கூட ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ் இல்லை. கூடுதல் காசு கொடுக்கத் தயார் என்றாலும் கிடைக்காது.

அமெரிக்கக்காரருக்குக் 'காசுக்கு மேல் ஒரு பங்கு' கொடுத்த அதே பெயர், இந்தியக் குடும்பத்திடம் வரும்போது 'எதையெல்லாம் எடுத்துவிட்டால் விலை குறையும்' என்று யோசித்தது. கோளாறு இங்கேதான் ஆரம்பித்தது.

பூஜ்ய ஸ்டார்

2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு, மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடத்திய மோதல் சோதனையின் முடிவை வெளியிட்டது. டட்சன் கோவுக்கு பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய ஸ்டார். நியாயமாகச் சொன்னால், அதே நாளில் ஏர்பேக் இல்லாத மாருதி ஸ்விஃப்ட்டுக்கும் பூஜ்யம்தான். ஆனால், கோ விஷயத்தில் அந்த அமைப்பு ஒரு படி மேலே போனது. காரின் கட்டமைப்பே நிலைகுலைந்துவிட்டது, ஏர்பேக் பொருத்தினாலும் பெரிய பயன் இருக்காது என்றது. அதன் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லி, காரை விற்பனையில் இருந்து திரும்பப் பெறும்படி கோஸ்னுக்குக் கடிதமே எழுதினார்.

இந்திய விதிமுறைகளின்படி கார் சரியாகத்தான் இருக்கிறது என்பது நிசானின் பதில். அது பொய் இல்லை. ஏனென்றால், ஓட்டுநர் ஏர்பேக் இந்தியாவில் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். ஆனால், 'சட்டம் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை' என்பது, மனைவி குழந்தைகளை பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டுபவருக்குச் சொல்லக்கூடிய பதிலா?

நிசான் பிறகு திருத்திக்கொண்டது. 2018-ல் வந்த புதிய கோ காரின் எல்லா வேரியன்ட்டிலும் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ் இருந்தன. ஆனால், நான்கு வருடம் தாமதம். யூடியூபில் அந்த மோதல் வீடியோவைப் பார்த்தவர்கள் புதிய காரைப் பார்க்க ஷோரூமுக்குப் போகவில்லை. 2016-ல் வந்த ரெடி-கோவும் 2019 சோதனையில் ஒரே ஒரு ஸ்டார்தான் வாங்கியது.

பழைய நல்ல பெயர் ஏதாவது இருந்திருந்தால் அது காப்பாற்றியிருக்கும். இந்தியாவில்தான் டட்சனுக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லையே! இங்கே அந்தப் பெயரோடு முதலில் ஒட்டிக்கொண்டது பூஜ்யம்தான்.

ஓனர்கள் என்ன சொல்கிறார்கள்?

இவ்வளவுக்குப் பிறகும் டட்சன் ஓனர்கள் எல்லாரும் திட்டுவார்கள் என்று நினைத்தால், இல்லை. பொதுவாகக் கேட்கும் பாராட்டு மூன்று: இழுவை, இடவசதி, மைலேஜ். ஊருக்குள் யு-டர்ன் போட, நெரிசலில் புகுந்து வர வசதி. சர்வீஸ் பில்லும் கையைக் கடிக்காது.

குறைகளும் பழக்கமானவைதான். கதவு சாத்தும்போது தகர சத்தம். வேகம் கூடினால் உள்ளே இரைச்சல். லாரி கடந்து போனால் லேசான ஆட்டம்.

ஆனால், 2022-க்குப் பிறகு இவை எல்லாவற்றையும் ஒரு கவலை முந்திவிட்டது. அதுதான் பார்ட்ஸ்.

இன்ஜின் கிடைக்கும், ஹெட்லைட்?

இங்கே ஒரு நுணுக்கம் புரிந்துகொள்ள வேண்டும். பிராண்ட் செத்தால் கார் செத்துவிடாது. ஒரு காரின் பார்ட்ஸ் இரண்டு வகை. ஒன்று, மற்ற கார்களோடு பகிர்ந்துகொள்வது. இன்னொன்று, அந்த மாடலுக்கு மட்டுமே உரியது.

ரெடி-கோவின் அடித்தளமும் இன்ஜினும் ரெனால்ட் க்விட் காருடையவை. க்விட் அதே ஒரகடத்தில் தயாராகும் வண்டி. அதனால் 1 லிட்டர் இன்ஜின் ரெடி-கோ ஓனர்கள் மெக்கானிக்கல் பார்ட்ஸுக்காகப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. கோ, கோ ப்ளஸ் நிலைமை அவ்வளவு சுலபம் இல்லை. அந்த 1.2 லிட்டர் இன்ஜினைப் பகிர்ந்துகொண்ட மைக்ராவும் இந்தியச் சந்தையில் இப்போது இல்லை.

பம்பர், ஹெட்லைட், கதவு, கண்ணாடி? இவை மாடலுக்கு மட்டுமே உரியவை. எல்லா டட்சனுக்கும் பிரச்னை வரப்போவது இங்கேதான். ஒரு சின்ன இடி, ஒரு ஹெட்லைட் உடைகிறது. ஸ்டாக் இல்லை என்றால் வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்.

இன்ஷூரன்ஸும் இதில் சேர்ந்துகொள்கிறது. பழைய, விலை குறைந்த காரின் ஐ.டி.வி, அதாவது காப்பீட்டு மதிப்பு, வருடா வருடம் சரியும். ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' கணக்கில் போய்விடும். ஓடக்கூடிய கார், பார்ட்ஸ் விலையால் குப்பையாகும் அபாயம் இது.

சர்வீஸ், பார்ட்ஸ், வாரன்ட்டி தொடரும் என்று 2022 அறிவிப்பிலேயே நிசான் உறுதி கொடுத்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால், பத்திரிகைக் குறிப்பில் வரும் உறுதிக்கும், வாங்கும்போது கையில் தரப்படும் எழுத்துபூர்வ உறுதிக்கும் வித்தியாசம் இருக்கிறது. இதற்கிடையே, ஒரகடம் ஆலையில் நிசானிடம் இருந்த 51 சதவீத பங்கையும் வாங்குவதாக ரெனால்ட் 2025 மார்ச்சில் அறிவித்தது. நிசான் மேக்னைட் தொடர்ந்து அங்கேதான் தயாராகிறது. என்றாலும், இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் ஓனருக்கு வயிற்றில் புளி கரைக்கத்தான் செய்யும்.

இது டட்சன் பிரச்னை மட்டும் இல்லை

செவ்ரோலே 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையின் தொழிலாளர்களுக்கும் அந்த கார்களின் ஓனர்களுக்கும் அது என்ன அதிர்ச்சி என்பது சென்னைக்குத் தெரியும். லாபம் வரவில்லை என்றால் கம்பெனி வெளியேறலாம், அது வியாபாரம். ஆனால், அந்த முடிவின் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டுப் போவது வியாபார நியாயம் இல்லை.

ஒரு மாடலை நிறுத்தினால் எத்தனை வருடம் பார்ட்ஸ் கிடைக்கும் என்பதை, காரை விற்கும்போதே எழுதித் தர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கலாம். 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக மத்திய நுகர்வோர் துறை 2022-ல் ஓர் இணையதளம் தொடங்கியது. அடுத்த படியாக இதைச் செய்தால் என்ன? குறைந்தபட்சம், ஒரு கார் லோன் ஓடும் காலத்துக்காவது அந்த காரின் ஹெட்லைட் கிடைக்க வேண்டாமா?

அதுவரை, முதல் கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ், சன்ரூஃப் தாண்டி மூன்று கேள்வி கேட்பது நல்லது. மோதல் சோதனையில் எத்தனை ஸ்டார்? இந்த காரின் இன்ஜின் வேறு எந்த காரில் இருக்கிறது? இந்த கம்பெனி இந்தியாவில் ஒரே ஒரு மாடலை நம்பி நிற்கிறதா? ஏற்கெனவே டட்சன் வைத்திருப்பவர்கள் பதறி அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டாம். பார்ட்ஸ் மறுக்கப்பட்டால் அதை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அமெரிக்க ஓனர் குறை சொன்னபோது, அதை டோக்கியோ காதில் போட ஒரு கடயாமா இருந்தார். கார் மாறியது, பெயர் ஜெயித்தது. மூன்றரை லட்சம் ரூபாய்க்கு முதல் கார் வாங்கிய இந்தியக் குடும்பத்துக்காக அப்படிப் பேச ஆள் இல்லாமல் போனதுதான் இங்கே டட்சனின் தோல்வி. குறைந்த விலைக்குக் கார் வாங்குகிறவர், குறைந்த மரியாதைக்குச் சம்மதித்து வாங்குவதில்லை.