விசாரித்து வாங்கியிருக்க வேண்டாமா?

தாம்பரத்தைச் சுற்றி ஒரு வீடு இடுப்பளவு தண்ணீரில் நின்றால், ஒரு மனையின் பத்திரம் சிக்கலில் மாட்டிக்கொண்டால், பாதிக் கட்டடத்தோடு பில்டர் கைவிரித்துவிட்டால், நம் வாயிலிருந்து முதலில் வரும் வாக்கியம் ஒன்றுதான்: "நாலு பேரிடம் விசாரித்து வாங்கியிருக்க வேண்டாமா?" கேட்பவர் கெட்டவர் அல்லர். சித்தப்பாவாகவோ அலுவலக நண்பராகவோ இருப்பார். பெரும்பாலும் விலை ஏறுமுன் வீடு வாங்கி முடித்தவராக இருப்பார். ஆனாலும் இந்தக் கேள்வியைப் போல் நியாயமற்ற கேள்வி நம் நடுத்தர வர்க்க வாழ்வில் வேறில்லை என்பது என் எண்ணம். விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள், அதற்கான ஆவணமும் அதிகாரமும் சம்பளமும் உள்ளவர்கள், விசாரிக்காமல் இருந்ததன் பழியை, இவை எதுவும் இல்லாத ஒருவர் தலையில் அது இறக்கி வைக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இலக்கிய வாசகர்களுக்குக் கணக்கு கசக்கும்; ஆயினும் இந்த விஷயத்தில் அறம் முழுவதும் கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது. புறநகரில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று 55 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன்களுக்கு மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே கடன் 44 லட்சம், கைப்பணம் 11 லட்சம். புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் உள்ள முறைப்படி, இந்த விலையில், முத்திரைத் தீர்வை 5 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு: இரண்டும் சேர்ந்து 3.85 லட்சம். கட்டி முடியாத வீடென்றால் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி., இன்னொரு 2.75 லட்சம். சாவி கைக்கு வருமுன் 17.60 லட்சம் ரொக்கமாக வேண்டும். பிறகு எட்டரை விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மாதம் 38,184 ரூபாய். வாங்கிய 44 லட்சத்துக்குத் திருப்பிக் கட்டுவது ஏறத்தாழ 91.64 லட்சம்.

இவருக்கு அரசு கைகொடுக்கிறதே என்பீர்கள். எங்கே கொடுக்கிறது என்று பாருங்கள். 2024-ல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் பதிப்பில் வட்டி மானியம் உண்டு. ஆனால் வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்பது லட்சத்துக்குள் சம்பாதிப்பவரை நம்பி வங்கி 44 லட்சம் கொடுப்பது அரிது. வங்கி கொடுக்கும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு மானியம் கிடையாது. ஜி.எஸ்.டி. ஒரு விழுக்காடாகக் குறைய வேண்டுமானால் வீட்டின் உட்பரப்பு 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். பரப்பில் தப்பிக்கும் நம் வீடு விலையில் மாட்டிக்கொள்கிறது. 2019-ல் வகுத்த இந்த 45 லட்சம், மனை விலை ஏறிய ஆண்டுகளில் தான் மட்டும் ஏறாமல் நிற்கிறது. பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைப்பு என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஒரு சலுகை தந்தது. சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால்! பத்து லட்சத்துக்குத் தாம்பரத்தில் கார் நிறுத்தும் இடம் வேண்டுமானால் அமையலாம். முதல் வீடு வாங்குவோருக்கென்றே வருமான வரிச் சட்டத்தில் இருந்த 80இஇஏ பிரிவின் கழிவும், 2022 மார்ச் 31-க்குப் பின் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு இல்லை.

பணத்தை எப்படியோ புரட்டிவிட்டார். அடுத்தது 'விசாரணை'. வில்லங்கச் சான்றிதழ், பட்டா, தாய்ப்பத்திரம், வக்கீலின் லீகல் ஒப்பினியன். புரோக்கர் காத்திருக்கிறார். "இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறது சார், நாளைக்கு வந்தால் கிடைக்காது." ஒரு வீட்டை விற்ற பணத்தில் இன்னொன்று வாங்குபவரும், வெளிநாட்டுப் பணத்தில் மூன்றாவது வீட்டை வாங்கிப் போடுபவரும் நிற்கும் அதே வரிசையில், மாதச் சம்பளச் சீட்டோடு இவரும் நிற்கிறார். அவர்களால் ஒரு மாதம் பொறுக்க முடியும். இவர் இரவோடிரவாக டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். ஐம்பது ஆண்டுக் காகிதங்களைப் படிக்க இவருக்குக் கிடைப்பது ஒரு வாரம்.

அப்படியே படித்தாலும் தெரியக்கூடியது என்ன? 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிகிறது. உரிமைக்கு உறுதி தருவதில்லை. விற்பவரின் மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம் என்று தமிழ்நாடு ஒரு விதி வைத்திருந்தது. அந்த 55ஏ(1) விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சட்டப்படி பதிவாளரின் வேலை அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். சட்ட வாசிப்பில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வாங்குபவர் இருக்கும் இடத்திலிருந்து யோசியுங்கள். மறுவிற்பனை என்றால் நூற்றுக்கு ஒன்பது ரூபாய் வாங்கிக்கொண்டு முத்திரை குத்தித் தரும் அரசு, அந்த முத்திரைக்குக் கீழே எழுதியிருப்பது உண்மையா என்பது தன் கவலை அல்ல என்கிறது.

இதன் பெரிய உதாரணத்தைப் புறநகர் மறந்திருக்காது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவை நம் ஊர்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரமில்லாத ஊராட்சியின் முத்திரையோடு, வயலும் மேய்ச்சல் நிலமும் நகர்களாயின. ஒவ்வொரு மனைக்கும் பதிவுத்துறை தீர்வை வாங்கியது. மின்வாரியம் இணைப்புத் தந்தது. உள்ளாட்சி வரி வசூலித்தது. 2016 செப்டம்பர் 9-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று தடை விதித்தது. விளைநிலங்களைக் காக்க அத்தகைய தடை தேவைப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் சுமை யார் மேல் இறங்கியது? மகளின் திருமணத்துக்காக மனையை விற்க நினைத்தவர் விற்க முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 என்று ஒரு வரம்பு நாள் குறிக்கப்பட்டது. வாங்கியவர் வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டித் தன் மனையைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிரித்து விற்றவர் பணத்தோடு அடுத்த ஊருக்குப் போயிருந்தார். பதிந்து தீர்வை வாங்கிய துறையை நோக்கி, "விசாரித்துப் பதிந்திருக்க வேண்டாமா?" என்று எவரும் கேட்கவில்லை.

இப்போதுதான் ரெரா சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் நல்ல சட்டம். எழுத்துப்பூர்வமான விற்பனை ஒப்பந்தம் பதியாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். உட்பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும். ஆனால் அதன் மூன்றாம் பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டால், அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டால், திட்டத்தைப் பதிய வேண்டியதில்லை. இனி நம் ஊர்க் கணக்குக்கு வாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டு 4,800 சதுர அடி, அதாவது சுமார் 446 சதுர மீட்டர். சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் பழைய தனிவீட்டை இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்தம், மேலே ஆறோ எட்டோ வீடுகள் என்று எழும்பும் கட்டடங்களில் பல, இந்த ஒன்றிரண்டு கிரவுண்டுகளில்தான் நிற்கின்றன. பெரிய நிறுவனத்தின் நுழைவாயில் வளாகத்தில் வாங்கும் வசதி உள்ளவருக்குச் சட்டத்தின் குடை கிடைக்கிறது. தெருவுக்குள் சிறிய பில்டரிடம் முதல் வீட்டை வாங்குபவர், குடை அதிகம் தேவைப்படுபவர், மழையில் நிற்கிறார்.

மழை என்ற சொல்லை அணியாக மட்டும் பயன்படுத்த இந்த ஊர் விடாது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரும் பள்ளிக்கரணையும் மீண்டும் மூழ்கின. பீர்க்கன்காரணை, இரும்புலியூர், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம்: இவை வீட்டுமனை விளம்பரங்களில் வரும் பெயர்கள், ஏரிகளின் பெயர்களும் இவையே. எந்தப் புல எண் ஏரி, எது வாய்க்கால், எது புறம்போக்கு என்பது வருவாய்த் துறையின் பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் இருக்கிறது. கட்டட அனுமதி தந்தவர் அதைப் பார்த்திருக்க முடியும். கடன் தந்த வங்கியின் வழக்கறிஞர் பார்த்திருக்க முடியும். கோடையில் ஞாயிற்றுக்கிழமை வந்து காய்ந்த நிலத்தைப் பார்த்துவிட்டுப் போன குடும்பம்தான், ஏரிக்குள் வீடு வாங்கிய அறிவிலிகள் என்று டிசம்பரில் தொலைக்காட்சியில் ஏச்சு வாங்குகிறது.

பள்ளிக்கரணையின் கதை இன்னும் சிக்கலானது. சுமார் 1,248 ஹெக்டேர் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சதுப்பு நிலத்தின் தாக்க மண்டலம் அறிவியல்முறையில் வரையறுக்கப்படும் வரை, ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. சதுப்பு நிலம் காக்கப்பட்டே ஆக வேண்டும். அது போனால் தென்சென்னையின் வெள்ளத்துக்குப் போக்கிடமில்லை. ஆனால் எல்லை எதுவென்பதை அரசு முதலிலேயே வரைந்து அறிவித்திருக்க வேண்டும். அனுமதிகளை அள்ளி வழங்கிவிட்டுப் பிறகு கோடு போட்டால், நடுவில் மனை வாங்கி, கட்ட அனுமதிக்குக் காத்திருப்பவர் எங்கே போவார்? இதே சதுப்பின் ஓரங்களில்தான் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் நகரத்து ஏழைகளை அரசு கொண்டுபோய்க் குடியமர்த்தியது. அவர்களைக் கேட்காமலே அனுப்பினார்கள். நடுத்தர வர்க்கம் கடன் வாங்கிக்கொண்டு தானாகவே போய்ச் சேர்ந்தது. வெள்ளம் இரு சாராரையும் ஒன்றாகவே பார்த்தது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது: வாடகைக்கு இருந்துவிட்டுப் போகலாமே, ஏன் இந்தச் சொந்த வீட்டு மோகம்? பதினோரு மாத ஒப்பந்தமும், ஆண்டுதோறும் வாடகை ஏற்றமும், மகன் வருகிறான் காலி செய்யுங்கள் என்ற ஒற்றை வாக்கியமும் இருக்கும் வரை இதை மோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓய்வூதியமில்லாத தனியார் ஊழியருக்கு, முதுமையில் வாடகை கட்ட வேண்டாம் என்பதே ஓய்வூதியம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலிமையானது: முந்தைய தலைமுறை இதே சம்பளத்தில், இதே காகிதங்களோடு வீடு கட்டியதே? கட்டியது. ஆனால் தனியாக அல்ல. ஆதம்பாக்கம், வேளச்சேரி வட்டாரத்தில் ஏ.ஜி.எஸ். காலனி, டெலிபோன் காலனி என்ற பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். ஓர் அலுவலகத்தின் ஊழியர்கள் கூடி நிலம் வாங்கிப் பிரித்துக்கொண்ட காலத்தின் தடயங்கள் அவை. கூட்டுறவு வீடு கட்டும் சங்கங்கள் இருந்தன. 1961-ல் உருவான வீட்டு வசதி வாரியம் நிலம் எடுத்து, சாலை போட்டு, தவணையில் தந்தது. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியதே இந்தப் புறநகர் முழுவதற்கும் அடித்தளம், அதுவும் பொதுப்பணம்தான். விசாரணை என்ற வேலையை அன்று சங்கமோ வாரியமோ செய்தது. ஊழியர் தவணை கட்டினார். இன்றைக்கும் பொதுப்பணம் செலவாகாமலில்லை. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. அதைக் காட்டி ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் மனைக்கு விலை சொல்கிறார்கள். பொதுப்பணத்தால் ஏறும் விலை, நிலத்தை முன்பே வளைத்துப் போட்டவருக்கு லாபமாகவும், முதல் வீடு வாங்குபவருக்குக் கடனாகவும் போய்ச் சேர்கிறது.

தர்மம் கேட்பதாக எண்ண வேண்டாம். கேட்பவை எளியவை. மூன்றாம் பிரிவின் 500 சதுர மீட்டர் வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை அச்சட்டமே மாநில அரசுகளுக்குத் தருகிறது. தமிழ்நாடு அதைப் பயன்படுத்தி ஒரு கிரவுண்டுக் கட்டடத்தையும் பதிவுக்குள் கொண்டுவரட்டும். வில்லங்கச் சான்றிதழில் கடன் விவரத்தோடு, அந்தப் புல எண் நீர்நிலையா, வாய்க்கால் ஓரமா, வெள்ளம் சூழ்ந்த இடமா என்பதும் அச்சாகட்டும். அரசு அனுமதித்த கட்டடம் பின்னாளில் அரசின் பிழையால் சட்டவிரோதமானால், வாங்கிய தீர்வையையாவது திருப்பித் தரட்டும். மானியத் திட்டங்களின் வரம்புகள் அந்தந்த ஊரின் வழிகாட்டி மதிப்போடு சேர்ந்து நகரட்டும். 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சியாக்கினார்கள். பெயர்ப் பலகைக்கு ஏற்ற பொறுப்பும் வரட்டும்.

இலக்கியத் தளத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களைத் தமிழ்ப் புனைகதை நுட்பமாக எழுதியது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் கைரேகை வைக்கக் காத்திருக்கும் தம்பதியை அது அவ்வளவாக எழுதவில்லை. எழுதினால், அவர்கள் ஏமாளிகளாக வராமலிருக்கட்டும். அவர்கள் விசாரித்தார்கள். அத்தனை அலுவலகப் படிகளிலும் ஏறி இறங்கி விசாரித்தார்கள். பதில் சொல்ல வேண்டிய நாற்காலிகள்தாம் காலியாக இருந்தன.