ஒரே பட்டியல், இரண்டு அளவுகோல்

மருத்துவம் படிக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்குத் தன்முனைப்பு உரை ஆற்றுபவர்கள் ஓராண்டு வாயை மூடிக்கொண்டால் பெரிய புண்ணியம். 'விடியற்காலையில எழுந்து படி, கைப்பேசியத் தூக்கிப் போடு, இடம் தானா வரும்.' தானா எங்கே வருது?

எஸ்.டி.பி.எம். மாணவர் மூன்று தவணை, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு படிக்கிறார். தேர்வை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். மெட்ரிகுலேஷனில் பெரும்பாலோருக்கு ஓராண்டு, இரண்டு தவணை. தேர்வு கல்வி அமைச்சினுடையது. வினாத்தாள் வேறு, திருத்துவோர் வேறு. ஆனால் அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இரண்டு 4.00-க்கும் ஒரே எடை: கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. நேர்முகமெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் பொறியியல் படித்தவன். இரண்டு கருவிகளை ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் அளவுகளை ஒரே அட்டவணையில் எழுதினால் ஆய்வுக்கூடத்தில் அறிக்கையைத் திருப்பி வீசுவார்கள். இங்கே அதற்குப் பெயர் 'தகுதி முறை'. 2002 முதல்.

சரி, மெட்ரிகுலேஷனுக்கே போகலாமே? 2019-இல் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள். பூமிபுத்ரா அல்லாதோருக்கு அதே 10 விழுக்காடுதான். 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ எடுத்த எல்லாருக்கும் இடம் என்றார் பிரதமர். நல்லதுதான். 9ஏ எடுத்த பிள்ளைக்கு? மறுபடியும் மண்டபம், ஒலிவாங்கி, 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணிருக்கணும்.'

உரையாளர் ஐயா, அடுத்த முறை பிள்ளைகளை விட்டுவிடுங்கள். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் ஒய்.பி.யைப் பார்த்துக் கேளுங்கள்: இரண்டு தேர்வையும் எப்போது ஒன்றாக்குவீர்கள்?