பந்தலுக்கு என்ன பஞ்சம்?

அவரை விதைப்பதற்கு முன் இரும்புக் குழாய் வாங்கியாக வேண்டும் என்று நம்மவர்களுக்கு யார் உபதேசம் செய்தார்களோ தெரியவில்லை. ஆடி பிறந்து பாதி போய்விட்டது. எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் இன்னும் விதை ஊன்றவில்லை. மண் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. 'பந்தல் ஸெட்' மட்டும் வந்து சேரவில்லையாம்!

"மூங்கில் ஒரே வருஷத்தில் உளுத்துப் போகுமே, ஸார்?" என்கிறார் அவர்களில் ஒருவர். போகட்டுமே! புடலங்கொடி மட்டும் எத்தனை வருஷம் இருக்கப் போகிறது? நாலைந்து மாசத்து விருந்தாளிக்கு இருபது வருஷத்து மாளிகை எதற்கு?

அந்த ஸெட்டோடு வரும் நைலான் வலையின் சமர்த்தையும் சொல்கிறேன். காய்ப்பு ஓய்ந்ததும் காய்ந்த கொடி கண்ணுக்குக் கண் சுற்றிக் கிடக்கும். பிரித்தெடுக்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. சுருட்டிக் குப்பையில் எறிகிறார்கள், அது மக்குவதில்லை. எலி தேடி வரும் சாரைப்பாம்பு அதில் சிக்கிச் சாவதும் உண்டு. தென்னங்கயிறு என்றால் கொடியோடு அறுத்து எருக்குழியில் தள்ளிவிட்டுக் கையைக் கழுவலாம்.

கொடியின் அபிப்பிராயத்தையும் கேட்க வேண்டாமா? மனிதனுக்கும் குரங்குக்கும் உறவு சொல்லி வம்பில் மாட்டிக்கொண்ட டார்வின், ஏறு கொடிகளைப் பற்றி 1875-ல் தனிப் புத்தகமே வெளியிட்டார். புடலைக்கும் பாகலுக்கும் பற்றுக்கம்பி உண்டு. அது மெல்லிய குச்சியைத்தான் சுற்றிப் பிடிக்கும். வழவழப்பான பருத்த குழாயில் அதற்குப் பிடி ஏது? அவரைக்குப் பற்றுக்கம்பியே இல்லை. தண்டுதான் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. கடைசியில் குழாய்க்காரரும் சணல் கயிறு தேடிக்கொண்டு வருகிறார்! பாரி முல்லைக்குத் தேரை விட்டுப் போனது கொடைக்குப் பெருமை. தோட்டக்காரனைக் கேட்டிருந்தால், "ஒரு மிலாறு போதுமே, மகாராஜா" என்றிருப்பான்.

வேண்டியது நாலு சவுக்குக் கழி. அடிமுனையை இரண்டு அடிக்குத் தீயில் கருக்கிவிட்டால் கரையான் சீக்கிரம் அண்டாது. ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு, பிளந்த மூங்கிலைக் குறுக்கே கட்டி, அடிக்கு ஒன்றாகக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இழுக்க வேண்டும். உயரம் உங்கள் கை எட்டுகிற அளவு; பிஞ்சுப் புடலையின் நுனியில் கல் கட்ட ஏணி தேடக் கூடாதல்லவா? செடியின் காலடியிலிருந்து பந்தல் வரை கிளைகிளையான துவரைமாரைச் சாய்த்து வைத்தால் ஏணி கொடிக்கு ஆயிற்று. விதையை இன்றைக்கே ஊன்றலாம். கொடி வீசத் தொடங்குவதற்குள் பந்தலைப் போட்டால் சரி.

பட்டணத்தில் கழிக்கு எங்கே போவது என்பீர்கள். வீடு கட்டுகிற இடத்தில் சாரம் பிரிக்கும்போது கேட்டுப் பாருங்கள். மொட்டை மாடியா? மணல் நிரப்பிய எண்ணெய் டின்னில் கழியை நட்டு, கைப்பிடிச் சுவரோடு இழுத்துக் கட்டுங்கள்.

ஐப்பசிக் காற்றில் சாய்ந்துவிடும் என்று ஒரு பயம் காட்டுகிறார்கள். சாயும்தான். சாய்ந்த மூங்கிலை மறுநாள் காலையில் இரண்டு முடிச்சில் நிமிர்த்திவிடலாம். வளைந்த குழாயைத் தூக்கிக்கொண்டு வெல்டிங் கடைக்கல்லவா நடக்க வேண்டும்?