குழந்தையின் பொறுமையை எங்கே செலவிடுவது?

கொரோனா பரவியிருந்த 2021-இன் பிற்பாதியில், மூன்று வயதுக் குழந்தையுடன் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சிகாகோ சென்ற ஒரு குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்ப்போம். முதல் விமானத்தில் ஏறத்தாழ பத்து மணி நேரம். இடையில் காத்திருப்பு. அடுத்த விமானத்தில் மேலும் ஒன்பது மணி நேரம். அந்த ஆண்டு ஜூன் மாதம் இந்திய சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு முகக்கவசத்தைப் பரிந்துரைக்கவில்லை. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் நெறிமுறையும் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு விலக்கு தரலாம் என்றது. ஆனால், அமெரிக்கா செல்லும் விமானத்தில் கால் வைத்ததும் இரண்டு வயது நிறைந்த அனைவரும் மூக்கையும் வாயையும் மூடியாக வேண்டும். குழந்தையும் அதுவே, கிருமியும் அதுவே. விமானம் மட்டும்தான் மாறியிருந்தது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அந்த ஆணை 2021 பிப்ரவரி தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. சாப்பிடும்போது கழற்றலாம், ஆனால் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் மீண்டும் மூட வேண்டும் என்ற அளவுக்கு அது கறாராக இருந்தது. 2022 ஏப்ரல் 18 அன்று ஃபுளோரிடா கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அதை ரத்து செய்யும்வரை நீடித்தது. அந்த ஆணைக்கும் முன்பே, 2020 ஆகஸ்டில், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து ஓர் அறிவுரையை வெளியிட்டிருந்தன. ஐந்து வயதுவரை கட்டாயப்படுத்தக் கூடாது. ஆறு முதல் பதினொன்றுவரை சூழலையும் குழந்தையின் திறனையும் பெரியவர்களின் கண்காணிப்பையும் பார்த்து முடிவெடுக்கலாம். பன்னிரண்டு வயதிலிருந்து பெரியவர்களைப் போலவே அணியலாம் என்றன. இந்த வரம்புக்கு அவை சொன்ன காரணம் முக்கியமானது: அதிக உதவியின்றித் தானாக முகக்கவசத்தைக் கையாளும் திறன் குழந்தைக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

அமெரிக்க ஆணை அந்தக் கேள்வியை இரண்டு வயதோடு முடித்துக்கொண்டது. இரண்டு வயதுக்கு மேல் முகக்கவசம் பாதுகாப்பானது என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு சொன்னது உண்மை. பாதுகாப்பானது என்பதும், பதினைந்து மணி நேரம் இடைவிடாமல் அணிந்திருக்க முடியும் என்பதும் வேறு வேறு. முதலாவதை நம்பி இரண்டாவதைச் சட்டமாக்கியதன் விளைவு 2021-இல் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. முகக்கவசத்தைப் பிய்த்தெறிந்து அழுத இரண்டு வயதுக் குழந்தைக்காக முழுக் குடும்பமும் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டது.

விமானப் பணியாளர்களை இதில் குற்றம் சொல்ல மாட்டேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2021-இல் மட்டும் பயணிகளின் ஒழுங்கீனம் குறித்து 5,981 புகார்களைப் பதிவு செய்தது. அவற்றில் 4,290 முகக்கவசம் தொடர்பானவை. அணிய மறுத்த பெரியவர்களிடம் வசவும் சில நேரங்களில் அடியும் வாங்கிய பணியாளர், அடுத்த வரிசையில் அழும் குழந்தைக்கு மட்டும் எந்த விதியைச் சொல்லி விலக்கு தருவார்? விதியிலேயே அந்த இடம் இருக்கவில்லை. அதை எழுதியவர்கள்தான் இடம் வைத்திருக்க வேண்டும்.

என் கருத்து இது. ஆறு வயதுக்குக் கீழ் முகக்கவசத்தைப் பழக்கலாம், ஊக்குவிக்கலாம், கட்டாயமாக்கக் கூடாது. அந்த வயதில் குழந்தையின் பாதுகாப்பு அதைச் சுற்றியிருக்கும் பெரியவர்களின் கடமை. பெரியவர்கள் ஒழுங்காக அணிந்தாலே குழந்தைக்கு வந்து சேரும் கிருமியின் அளவு குறையும்.

ஆனால், கட்டாயம் வேண்டாம் என்பதற்காக முகக்கவசமே வீண் என்று ஆகிவிடாது. "குழந்தைக்கு மூச்சு முட்டும், ஆக்சிஜன் குறையும்" என்று அஞ்சிய பெற்றோர் பலர். முகக்கவசத்துக்குள் குழந்தைகள் கரியமில வாயுவை ஆபத்தான அளவில் சுவாசிக்கிறார்கள் என்று கூறிய ஓர் ஆய்வுக் கட்டுரை 2021-இல் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளிவந்தது. அளவிட்ட முறையிலேயே கோளாறு என்று கேள்விகள் எழ, சில வாரங்களில் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற செய்தி, கட்டுரை பரவிய வேகத்தில் வாட்ஸ்அப்பில் பரவவில்லை. ஆரோக்கியமான குழந்தைக்குச் சரியான அளவுள்ள முகக்கவசத்தால் மூச்சு முட்டாது. முட்டுவது பொறுமை.

அந்தப் பொறுமை கொஞ்சமே இருக்கிறது. அதை எங்கே செலவிடுவது என்பதைத்தான் பெற்றோர் முதலில் தீர்மானிக்க வேண்டும். இதற்கு விமானத்துக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருந்தால் போதும். பெரிய பயணிகள் விமானம் பறக்கும்போது உள்ளிருக்கும் காற்று ஒரு மணி நேரத்தில் இருபது முதல் முப்பது முறை மாற்றப்படுகிறது. ஏறத்தாழ பாதி வெளிக்காற்று. மீதி, நுண்துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும் 'ஹெப்பா' வடிகட்டிகள் வழியே திரும்பி வரும் காற்று. அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும் இந்த வேகம் கிடையாது. ஆனால் விமானம் தரையில் நிற்கும்போது, காற்றோட்டக் கருவிகள் முழுமையாக இயங்காவிட்டால், அதே பயணிகள் கூடம் நெரிசலான அடைத்த அறையாகிவிடுகிறது. ஏறும் வரிசை, பாதுகாப்புச் சோதனை, விமானத்துக்கு அழைத்துச் செல்லும் பேருந்து, இருக்கைக்கு நடக்கும் நடைபாதை, புறப்படாமல் நிற்கும் அரை மணி, இறங்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நெருக்கியடிக்கும் பத்து நிமிடம்: ஆபத்து கூடும் நேரங்கள் இவை. குழந்தையின் பொறுமையை இங்கே செலவிடுங்கள். நடுவானில் குழந்தை சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ இருந்து, தலைக்கு மேலுள்ள காற்றுத் துளையும் திறந்திருக்கும்போது இடைவெளி விட்டால் பெரிய இழப்பில்லை. சன்னலோரப் பயணிக்கு மற்றவர்களின் நெருக்கம் குறைவு என்பதை 2018-இல் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விமானங்களிலேயே உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

'எப்போதும், எல்லா நேரமும்' என்ற விதி இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. முதல் மூன்று மணி நேரத்திலேயே பொறுமையைத் தீர்த்துவிட்ட குழந்தை, இறங்கும் நெரிசலில் முகக்கவசத்தைத் தொடவே விடாது.

இறங்கும் நேரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விமானம் பறக்கையில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்கு, அதாவது ஏறத்தாழ உதகமண்டலத்தின் உயரத்துக்கு, ஒப்பானது. கீழிறங்கும்போது அழுத்தம் கூடும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் சிறு குழந்தைகளுக்குக் குறுகலாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் எளிதில் திறக்காது. காது அடைத்து வலிக்கும். விழுங்கினால் திறக்கும். அதனால் இறங்கத் தொடங்கியதும் பால் புட்டியோ, தண்ணீரோ, மெல்லுவதற்கு ஏதேனுமோ கொடுக்க வேண்டும். அந்தச் சில நிமிடம் முகக்கவசம் கீழே இறங்கியே ஆக வேண்டும். அந்த நேரத்து அழுகையைப் பிடிவாதம் என்று எண்ணிய பெற்றோரும் சக பயணிகளும் உண்டு. அது காது வலி. குழந்தை குடித்து முடித்து, காது திறந்த பிறகு மறுபடி அணிவித்தால் அநேகமாக ஏற்றுக்கொள்ளும்.

பழக்கம் வீட்டில் தொடங்க வேண்டும், அதுவும் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே. விமான நிலைய வாசலில் முதன்முதலாக ஒரு துணியை முகத்தில் கட்டினால் எந்தக் குழந்தையும் கழற்றத்தான் பார்க்கும். பொம்மைக்குப் போட்டு, அப்பாவுக்குப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே போட்டுப் பார்க்கட்டும். பிடித்த கதை சொல்லும்போது ஐந்து நிமிடம், கடைக்குப் போய்வரும்போது கால் மணி, பாட்டி வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போது அரை மணி என்று நேரம் மெல்ல நீளட்டும். அழுதுகொண்டிருக்கும்போது கழற்றாமல், நன்றாக இருக்கும்போதே "போதும், கழட்டிடலாமா கண்ணு?" என்று நாமே முந்திக்கொள்வது நல்லது. அழுதால்தான் கழற்றுவார்கள் என்ற பாடத்தைக் கற்பித்துவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

நம் வீடுகளில் ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "மாஸ்க் போடலன்னா போலீஸ் மாமா பிடிச்சுட்டுப் போயிடுவார்", "அந்த அக்கா ஊசி போட்டுடுவாங்க" என்று மிரட்டுவது. சோறூட்டவும் தூங்கவைக்கவும் பூச்சாண்டியைக் கூப்பிட்ட பழக்கம் விமானத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. பத்து மணி நேரம் அதே பணியாளர் அந்தக் குழந்தையின் பக்கத்தில் நடந்துகொண்டிருப்பார். அவரைப் பார்த்துக் குழந்தை ஒவ்வொரு முறையும் நடுங்க வேண்டுமா? உதவிக்கு வரக்கூடிய ஒரே அந்நியரை நாமே எதிரியாக்கிவிடுகிறோம். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

முகங்கள் மூடியிருப்பதே குழந்தைக்கு ஒரு பாரம். உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970-களில் செய்த சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். தாய் சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார்ந்தபோது, கைக்குழந்தை சிரித்தும் கைநீட்டியும் பார்த்துவிட்டுக் கடைசியில் கலங்கிப்போனது. முகக்கவசம் அப்படியே அந்த நிலை அல்ல. கண்ணும் குரலும் மீதமிருக்கின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான மூடிய முகங்களுக்கு நடுவில், இரைச்சலுக்குள், தூக்கம் கெட்டிருக்கும் குழந்தைக்கு அம்மாவின் முகமும் பாதிதான் தெரிகிறது. அந்தக் குறையைத் தொடுதலும் பேச்சும்தான் நிரப்பும். கைபேசியைக் கையில் கொடுத்து அமைதியாக்குவது எளிது. முதுகைத் தடவிக்கொண்டு காதோரம் பேசுவது அதைவிட அதிக நேரம் தாங்கும்.

நடைமுறைச் செய்திகள் சில. விமானத்துக்குள் ஈரப்பதம் பத்து, இருபது விழுக்காட்டுக்குள் இருப்பதால் மூக்கு வறளும்; அழுகையும் எச்சிலும் மூக்கொழுகலும் துணியை நனைத்துவிடும், நனைந்த துணிதான் உண்மையில் மூச்சுக்குத் தடை. ஆகவே நிறைய மாற்று முகக்கவசங்கள் வேண்டும். காது மடலில் மாட்டும் வார் வலித்தால், தொப்பியின் இரு பக்கமும் பொத்தான் தைத்து அதில் மாட்டலாம். பெரியவர்களின் அளவு வேண்டவே வேண்டாம்; கண்ணில் ஏறி, கன்னத்தில் இடைவெளி விட்டு, பயனே இல்லாமல் போகும். கூடத்தில் எல்லாரும் முகத்தைத் திறந்து சாப்பிடும் அரை மணி நேரத்தில் குழந்தைக்கு முன்னதாகவே ஊட்டி முடித்திருப்பது நல்லது. தூங்கும் குழந்தைக்கு முகக்கவசம் கூடாது. ஆக்சிஜன் கவசம் கீழே விழும் அவசரநிலை வந்தால், முதலில் துணியைக் கழற்றிவிட்டுத்தான் அதை அணிய வேண்டும். பெரியவர் தனக்கு அணிந்துகொண்டு பிறகு குழந்தைக்கு.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள், தொடு உணர்வைத் தாங்க முடியாத குழந்தைகள், மூச்சுக் கோளாறு உள்ள குழந்தைகள் ஆகியோருக்கு வயதைப் பாராமல் விலக்கு வேண்டும். அமெரிக்க ஆணையில் மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு இருந்தது. ஆனால் அதைப் பெற மருத்துவச் சான்று, முன்கூட்டியே விண்ணப்பம் என்று விமான நிறுவனங்கள் தனித்தனி நிபந்தனைகள் வைக்க முடிந்தது. வெளியே தெரியாத குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோர் ஒவ்வொரு கவுன்டரிலும் தங்கள் பிள்ளையின் மருத்துவ வரலாற்றை ஒப்பிக்க நேர்வது கொடுமை.

இந்தியாவில் 2022 நவம்பர் 16 அன்று விமானங்களில் முகக்கவசக் கட்டாயம் விலக்கப்பட்டது. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. பிறகு ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கலாம். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளும், உறுப்பு மாற்றோ எலும்பு மஜ்ஜை மாற்றோ செய்துகொண்ட குழந்தைகளும் இன்றும் முகக்கவசத்துடன்தான் விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்கு அது மருத்துவரின் கண்டிப்பான அறிவுரை. சுற்றியிருக்கும் யாரும் அணியாத கூடத்தில் தான் மட்டும் அணிந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு முந்தைய ஆண்டுகளைவிட இப்போதுதான் கஷ்டம் அதிகம். அத்தகைய குழந்தை பக்கத்து இருக்கையில் இருந்தால், கேட்காமலேயே நாமும் ஒன்றை அணிந்துகொள்ளலாம். இருமல் இருந்தால் கட்டாயம் அணிய வேண்டும்.

அடுத்த தொற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது. வந்தபின் அவசரத்தில் எழுதப்படும் விதி மறுபடி குழந்தைகளை மறக்கும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பில் இந்தியா உறுப்பு நாடு. நமது சுகாதார அமைச்சகமும் விமானப் போக்குவரத்து அமைச்சகமும் சேர்ந்து, ஆறு வயதுக்குக் கீழ் கட்டாயமில்லை என்ற ஒரே வரம்பையும், குறைபாடுள்ள குழந்தைகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்கும் ஒரே சான்றையும், குழந்தை அழுததற்காகக் குடும்பத்தை இறக்கிவிடக் கூடாது என்ற தெளிவான விதியையும் அங்கே முன்மொழிய வேண்டும். அமைதியான இந்தக் காலத்திலேயே அதைச் செய்ய வேண்டும்.