பீரோவில் தூங்கும் சபாரி

1970களிலும் 80களிலும் சபாரி தைக்காத மொத்த வியாபாரி நம் திண்டுக்கல் கடைவீதியில் அபூர்வம். கல்யாணத்திற்கு ஒன்று, பேங்க் மேனேஜரைப் பார்க்க ஒன்று. பெரும்பாலும் டெரிகாட்டன், 67 பங்கு பாலியஸ்டர், 33 பங்கு பருத்தி. ஆகவேதான் இன்றும் மக்காமல் பீரோவில் கிடக்கின்றன. அவற்றை எவர்சில்வர் பாத்திரத்திற்குப் போட்டுவிட வேண்டாம் என்று அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

துணி கெடுவதில்லை, பருத்தி நூலில் போட்ட தையல்தான் முதலில் விடும். அக்காலத் தையல்காரர் உள்ளே தாராளமாகத் துணி விட்டிருப்பார். பிரித்துத் தைத்தால் தொப்பை போட்டவருக்கும் (நம்மில் பலர்!) பொருந்தும். இஸ்திரியைப் பருத்திச் சூட்டில் வைத்தால் பாலியஸ்டர் பளபளத்துப் போகும். ஈரத்துணி விரித்துத் தேய்க்க வேண்டும்.

"பழையதை மாட்டிக்கொண்டால் எங்கள் வியாபாரம் என்னாவது?" என்று ஜவுளிக்காரர்கள் கேட்கலாம். ரெடிமேட் வந்தபின் தையல்காரர்கள் குறைந்து வருவது கண்கூடு. அவர்களும் போய்விட்டால் மீட்டர் துணியை யார் வாங்குவார்கள்? நூல், பட்டன், கேன்வாஸ் விற்கும் நம் கடைகள் யாரை நம்பி இருக்கின்றன?

மெய்க்காப்பாளர் உடை என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பாரிஸில் ஈவ் சான் லோரன் 1968-இல் இதே நான்கு பைச் சட்டையைப் பெண்களுக்கே தைத்துப் பெயர் வாங்கினார்.

சித்திரை வெயிலில் டெரிகாட்டன் எரியும் என்பது வாஸ்தவம். அதை மார்கழி, தைக்கு வைத்துக்கொண்டு, அதையே அளவாகக் கொடுத்துப் பருத்தியில் இன்னொன்று தைக்கச் சொல்லுங்கள். துணி நம் அங்கத்தினர் கடைகளிலேயே இருக்கிறது.