அப்பாவின் பழைய சைக்கிளே போதும்!

வேர்த்துக் கொட்டாமல் ஆபீஸுக்கு சைக்கிளில் போக மார்கழி, தை மாதங்கள்தான் தோது. புது சைக்கிள் வேண்டாம். அப்பாவின் பழைய சைக்கிளே போதும். கேரியர், ஸ்டாண்டோடு அது சுமார் 20 கிலோ இருக்கும். ரேஸ் சைக்கிள் 8 கிலோதான்! சமதளத்தில் ஓடத் தொடங்கிவிட்டால் இந்த எடை பெரிதாகத் தெரியாது. சிக்னலில் நின்று கிளம்பும்போதும், பாலம் ஏறும்போதும்தான் தொடைகள் உழைக்கும். அதுதான் பயிற்சி.

ஒன்று மட்டும் கவனம். சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டி, இரண்டே வாரத்தில் முழங்கால் வலியோடு உட்கார்ந்தவள் நான். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்க வேண்டும். முதல் பத்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள். டயரில் காற்று குறையக் கூடாது. வாரத்துக்கு மூன்று நாள் போதும். சீட்டை உயர்த்திய பிறகு, நான் இறங்கித் தள்ளிய ரயில்வே பாலத்தை மாசி பிறப்பதற்குள் உட்கார்ந்தபடியே ஏறிவிட்டேன்.