இயந்திரத்தின் இரட்டையும் நம் பிள்ளைகளின் மொழியும்

பழுதுபட்ட பொறியைச் சீராக்குவது பழைய தொழில். பழுதுபடப்போகும் நாளை முன்னறிந்து காப்பது புதிய தொழில். அப்புதிய தொழிலின் நடுவே இன்று நிற்பது, 'டிஜிட்டல் ட்வின்' என உலகோர் வழங்கும் எண்ணிம இரட்டை. "இது பொறியாளர் பாடு, தமிழாசிரியருக்கு இங்கென்ன வேலை?" என வினவுவாரும் நம்மிடையே உளர். அவ்வினாவே பிழையானது என்பதை நிறுவ முற்படுகிறேன்.

முதற்கண் பொருளைத் தெளிவோம். ஓர் இயந்திரத்தின் வரைபடம் அதன் இரட்டை ஆகாது. வரைபடம் இயந்திரம் பிறந்த நாளின் நிலையை மட்டுமே காட்டும்; இரட்டையோ இயந்திரத்தோடு சேர்ந்து மூப்படையும். இயந்திரத்தில் பொருத்திய உணரிகள் வெப்பம், அதிர்வு, அழுத்தம் முதலியவற்றை இடையறாது அளந்து அனுப்பும். கணினியில் உள்ள கணித உருவம், இந்நேரத்தில் இவ்வளவே அதிர்வு இருத்தல் வேண்டும் எனக் கணக்கிடும். கணக்கிட்டதும் அளந்ததும் மாறுபடின், எங்கோ தேய்மானம் தொடங்கியிருக்கக்கூடும் என்பது குறிப்பு. ஓடும் ஆலையை நிறுத்தாமலே புதியதொரு முறையை அதன் இரட்டையில் சோதித்துப் பார்க்கவும் இயலும். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தின் உயிர்வளிக் கலன் வெடித்தபொழுது, தரையிலிருந்த பயிற்சிக் கலங்களில் மாற்று வழிகளைச் சோதித்துப் பார்த்தனர். வீரர் மூவரும் உயிருடன் மீண்டனர். இக்கருத்தின் முன்னோடியாக அந்நிகழ்ச்சியைக் குறிப்பர். 2002இல் மைக்கேல் கிரீவ்ஸ் என்பார் இதற்கு முறையான வடிவம் தந்தார்.

இஃது எங்கோ தொலைவில் நிகழும் புதுமை அன்று. கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட 'ஸ்மார்ட்' சுரங்கத்தை எண்ணிப் பாருங்கள். 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கத்தின் ஒரு பகுதி, வழக்கமான நாளில் ஊர்திகள் செல்லும் சாலை. பெருவெள்ள நாளில் அதுவும் நீர் செல்லும் வழி. ஊர்திகளை எப்பொழுது வெளியேற்றுவது? வெள்ள வாயில்களை எப்பொழுது திறப்பது? மழையையும் ஆற்று நீரையும் அளக்கும் கருவிகளும், அவ்வளவுகளைக் கொண்டு வரும் வெள்ளத்தைக் கணிக்கும் கணித உருவமுமே இதற்குத் துணை. எண்ணிம இரட்டையின் கரு இதுவே. 2023இல் முழுமையாகத் திறக்கப்பட்ட புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடத்தைக் கட்டியபொழுதும், கணினியில் அமைத்த முப்பரிமாண உருவங்களே வழிகாட்டின.

இப்பள்ளத்தாக்கின் முதல் இருப்புப்பாதை 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகேயுள்ள புக்கிட் கூடா வரை திறக்கப்பட்டது. பாதையிட்டதிலும் பராமரித்ததிலும் தமிழரின் கைகளுக்குப் பெரும் பங்குண்டு. 1901இல் திறக்கப்பெற்று, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் அவ்வாறே. சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே உள்வெடிப்பை அறிவது இருப்புப்பாதைத் தொழிலின் பழைய வழக்கம். அச்செவியறிவு யாருடைய ஏட்டில் ஏறியது? ஏறவில்லை; உழைத்தவரோடு மறைந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் இரயில் பெட்டிகளைக் கோத்த நிலத்தின் மீது 2001இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. அன்றைய செவியின் இடத்தில் இன்று உணரி அமர்ந்திருக்கிறது. அதை எங்கே பொருத்துவது, அது தரும் எண்ணுக்கு என்ன பொருள் என முடிவு செய்பவனே இனித் தொழிலுக்கு உரியவன். அவ்விடத்தில் நம் பிள்ளை அமர்வானா, மீண்டும் கைக்கூலியாகவே நிற்பானா? வினா இதுதான்.

"அதற்காகத்தானே கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திற்கு மாற்றச் சொல்கிறோம்" என்பர் ஒரு சாரார். 2003இல் அம்மாற்றம் தொடக்கப்பள்ளி வரை வந்தது; 2009இல் அதைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது; 2016இல் இருமொழிப் பாடத் திட்டம் என்னும் பெயரில் மற்றொரு கதவு திறக்கப்பட்டது. பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. உயர்கல்விக்கு ஆங்கிலம் தேவை. அதை மொழிப்பாடமாகச் செம்மையாகக் கற்பிப்போம். ஆயினும், 'எதிர்பார்த்தது இவ்வளவு, அளந்தது இவ்வளவு, வேறுபாட்டிற்குக் காரணம் யாது?' என்னும் சிந்தனையன்றோ எண்ணிம இரட்டையின் உயிர்? ஏழு வயதுக் குழந்தை 'ஏன்' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது தாய்மொழியில்தான். அங்கே விடையை மனனம் செய்யப் பழகியவன் பின்னர் எம்மொழியிலும் வினா எழுப்பமாட்டான். கணினியில் தமிழ் ஏறுமா என்று ஐயுற்ற காலமும் இருந்தது. இந்நாட்டுத் தமிழர் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கி அவ்வையத்திற்கு விடை தந்தார்.

மறு சாராரையும் விட்டுவிட இயலாது. சித்தர் கூடுவிட்டுக் கூடு பாய்ந்ததே எண்ணிம இரட்டை என மேடையில் முழங்கிக் கைத்தட்டல் பெறுவோர் இவர்கள். புதுச்சொல் ஒன்றைப் படைத்ததும் கடமை முடிந்ததெனக் கருதுவோரும் இவர்களோடு சேர்த்து எண்ணத்தக்கவரே. பொருள் விளங்காத கலைச்சொல் பூட்டிய பெட்டி. அதைத் தலையில் சுமந்து திரிவதால் வளர்ச்சி இல்லை. ஆங்கிலமே கதி என்பார் மொழியைத் துறக்கின்றனர். வெற்றுப் பெருமை பேசுவார் அறிவைத் துறக்கின்றனர். இழப்பு இருவராலும் பிள்ளைக்கே.

ஆசிரியர்களே, பெருநிதி கேட்டுக் காத்திருக்க வேண்டா. 2021 டிசம்பர் 18இல் ஷா ஆலாமும் கிள்ளானும் நீரில் மூழ்கியதை நம் மாணவர் மறந்திலர். பள்ளித் திடலில் ஒரு மழைமானியை வையுங்கள். பள்ளியோரக் கால்வாயின் சுவரில் பாதுகாப்பான தொலைவிலிருந்தே படிக்கத்தக்க அளவுகோல் ஒன்றை வரையச் செய்யுங்கள். நாள்தோறும் மழையையும் நீர்மட்டத்தையும் மாணவர் ஏட்டில் பதியட்டும். ஒரு திங்கள் கழிந்தபின், 'இன்று இவ்வளவு மழை. நீர் எவ்வளவு உயரும்?' என முன்கூட்டியே எழுதட்டும். கணிப்புப் பொய்த்தால் தண்டிக்காதீர்கள். ஏன் பொய்த்தது என்பதைத் தமிழில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். குப்பை அடைத்திருந்தது என ஒருவன் எழுதுவான். மேட்டு நிலத்தில் புதுக் கட்டடம் எழுந்தது என மற்றொருத்தி எழுதுவாள். அந்நான்கு வரியே கட்டுரைப் பயிற்சி, கணிதப் பயிற்சி, அறிவியற் பயிற்சி ஆகிய மூன்றும் ஆகும்.

நம் முன்னோரின் கைகள் இப்பள்ளத்தாக்கின் பாதைகளை இட்டன. அவர்தம் அறிவை எழுதிவைக்க அன்று ஏடும் எழுத்தும் கிட்டவில்லை. இன்று நம் மாணவரிடம் இரண்டும் உள்ளன. அளக்கவும் எண்ணவும் ஐயுறவும் அவர்தம் மொழியிலேயே பயிற்றுவதற்கு நமக்கு இனித் தடையாக நிற்பது நம் தயக்கம் ஒன்றே.